ஆளுக்கொரு கத்தி

ஒரு மனிதன் ராத்திரிக்கு இரண்டு தடவை சாப்பிட்டால் உடம்பு என்னத்துக்கு ஆகும்? ஆவுடைநாயகம் அந்த வாரம் முழுக்க அப்படித்தான் சாப்பிட்டான். பெண்டாட்டி பேச்சித்தாய் போட்ட சோற்றைத் தின்றுவிட்டு ஏப்பத்தோடு வாசலுக்கு வந்தால், அடுத்த வீட்டு நடையில் அக்கா மங்களேஸ்வரி நிற்பாள்.

"ஏலே, சாப்பிட வா. நெத்திலிக் கொழம்பு ஆறுது."

"எக்கா, இப்பத்தான் சாப்பிட்டேன்..."

"அவ வச்ச சோறு எறங்குது, நான் வச்சது எறங்காதோ?"

இதற்கு மேல் பேசினால் வம்பு. போய் உட்கார்ந்து அதையும் தின்பான். திரும்பி வந்தால் பேச்சித்தாய் பாத்திரம் கழுவிக்கொண்டே, "நெத்திலின்னா கால் தானா நடக்குது பாரு" என்று குழாயிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். வேட்டியை இறுக்கிக் கட்ட முடியாமல் அவன் படுத்துக்கிடப்பான். வெளியே சாரல் விழுந்துகொண்டிருக்கும்.

முன்னெல்லாம் இப்படி இல்லை. இலஞ்சியில் அக்காள் வீடும் தம்பி வீடும் ஒட்டி ஒட்டி இருந்தாலும், குற்றால சீசன் தொடங்கிவிட்டால் இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்புத்தான். பகல் முழுக்கக் கடையில் கத்திவிட்டு வருகிற பொம்பிளைகள் ஆளுக்கொரு உலை வைத்துக்கொண்டிருக்க முடியுமா? மங்களேஸ்வரி குழம்பைக் கூட்டுவாள், பேச்சித்தாய் சோறு வடிப்பாள். ஆவுடைநாயகம் மரியாதையாக ஒரு தடவை சாப்பிட்டுவிட்டுப் படுப்பான்.

கடை, ஐந்தருவிக்குப் போகிற சாலையில் இருந்தது. கடை என்றால் ஒரு தார்ப்பாய், ஒரு நீளப் பலகை, அதன் மேல் மங்குஸ்தான், ரம்புட்டான், மணத்தாலேயே நாலு பேரை இழுத்து நாற்பது பேரை விரட்டுகிற துரியன். விடியக் கருக்கலில் செங்கோட்டைப் பக்கம் போய் லோடு ஆட்டோவில் பழத்தை ஏற்றிக்கொண்டு வந்து இறக்குவதோடு ஆவுடைநாயகத்தின் சோலி முடிந்தது. அதற்குப் பிறகு அது பெண்கள் ராஜ்யம். மங்களேஸ்வரிக்குத் தொண்டை பெரிது. அருவிச் சத்தத்தையும் தாண்டி ஆளைக் கூப்பிடுவாள். பேச்சித்தாய்க்குக் கை சுத்தம். மங்குஸ்தானின் தோலை மட்டும் வட்டமாகக் கீறி, மூடியைத் திருகி எடுத்து, வெள்ளைச் சுளை கசங்காமல் நீட்டுவாள். தின்று பார்த்தவன் வாங்காமல் போனதில்லை.

இருவருக்கும் ஒரே கத்திதான். கைப்பிடியில் சைக்கிள் டியூப் சுற்றிய பழைய மடக்குக் கத்தி. ஒருத்தி வெட்டி முடித்தால் மடக்கிப் பலகையில் வைப்பாள், மற்றவள் எடுத்துக்கொள்வாள். கையில் கொடுத்து வாங்குகிற பேச்சே கிடையாது. கத்தியைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்பது அந்தப் பக்கத்தில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமைதான் அது நடந்தது. வேன் நிறைய மதுரைக்காரர்கள் வந்து இறங்கி, ஈரத்தலையோடு பலகையை மொய்த்துக்கொண்டார்கள். "மதினி, கத்தி!" என்று பேச்சித்தாய் கையை நீட்டினாள். கத்தி மங்களேஸ்வரி கையில் இருந்தது. அந்த அவசரத்தில் அது இந்தக் கையிலிருந்து நேராக அந்தக் கைக்குப் போய்விட்டது. பலகையில் வைக்கவேயில்லை.

அந்தக் கத்தியால் பேச்சித்தாய் வெட்டிய முதல் பழமே உள்ளே மஞ்சள் பால் கட்டிக் கசந்தது. வாங்க வந்த அம்மாள் துப்பினாள்.

"ஏட்டி, பாத்து எடுக்க மாட்டியா?" என்றாள் மங்களேஸ்வரி.

"பொறுக்கி வச்சது நீங்கதான மதினி?"

அங்கே பிடித்தது. பழத்தில் தொடங்கி, தராசுக்குப் போய், பேச்சித்தாய் கல்யாணத்துக்கு எடுத்த கூறைச்சேலையின் நிறம் வரைக்கும் போனது. வேன்காரர்கள் அடுத்த கடையில் வாங்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். சண்டை ஓய்ந்து கத்தியைத் தேடினால் கத்தி இல்லை. தோல் குவியலோடு சாக்கில் போய், சாக்கு குப்பை டிராக்டரில் போய்விட்டிருந்தது.

"நான் பலகையிலதான் வைக்கப் போனேன். அவதான் வெடுக்குன்னு புடுங்கிட்டா" என்றாள் அக்காள்.

"நான் எங்க புடுங்குனேன்? அவங்கதான் எங்கையில திணிச்சாங்க" என்றாள் பெண்டாட்டி.

கத்தியைக் கையோடு கை மாற்றியதால்தான் சண்டை வந்தது என்பதில் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. கொடுத்தது குற்றமா, வாங்கியது குற்றமா என்பதில்தான் வழக்கு. அன்றோடு பேச்சு நின்றது. அடுப்பு இரண்டானது.

வீட்டில் கிடந்த காய்கறிக் கத்தியைப் பழைய பேப்பரில் சுற்றிக் கடைக்குக் கொண்டுபோனார்கள். நீளமான, ஆடுகிற கத்தி. தோலைக் கீறச் சொன்னால் சுளையைக் கீறியது, பேச்சித்தாயின் பெருவிரலையும் கீறியது. பாதிப் பழம் வெட்டும்போதே பாழானது. அதைவிடக் கொடுமை, ஆவுடைநாயகம் பகலெல்லாம் கடையிலேயே நிற்க வேண்டியதாயிற்று.

"இங்கேருங்க, ஒங்க அக்காளக் கத்தியக் கீழ வைக்கச் சொல்லுங்க."

"ஏலே, வச்சாச்சுன்னு சொல்லு. கண்ணு தெரியலியா அவளுக்கு?"

இருவருக்கும் நடுவில் இருந்தது ஒரு கூடை ரம்புட்டான் மட்டும்தான். ஒருவருக்கொருவர் சொல்வது நன்றாகவே கேட்டது. ஆனாலும் அவன் இரண்டு பக்கமும் திரும்பத் திரும்பச் சொன்னான். சாயந்தரம் கழுத்து வலித்தது.

இதற்கு ஒரு முடிவு கட்டத்தான் அவன் கத்தி வாங்கத் தீர்மானித்தான். ஆளுக்கு ஒன்று. அவளவளுக்கு அவளவள் கத்தி. கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம், இவன் நடுவில் நிற்கவும் வேண்டாம். தன் மூளையை நினைத்து அவனுக்கே பெருமையாக இருந்தது.

ஆனால் கத்தி என்றால் சும்மா ஒன்றை வாங்கிவந்துவிட முடியாது. பொழுதன்னைக்கும் கையில் இருக்கிற சாமான். பிடி கைக்கு அடங்க வேண்டும். பேச்சித்தாயின் கை சின்னது, மங்களேஸ்வரியின் கை முறம். கூட்டிப்போய்ப் பிடித்துப் பார்க்கச் சொல்லலாமென்றால், ஒரே ஆட்டோவில் இரண்டு பேரும் ஏறமாட்டார்கள். தனித்தனியாகக் கூட்டிப்போனால் யாரை முதலில் கூட்டிப்போனான் என்று அடுத்த சண்டை வரும்.

வழி, தட்டில் வந்தது. வெள்ளிக்கிழமை சாயந்தரம் இரண்டு வீட்டிலும், ஒருத்தி செய்கிறாள் என்று மற்றவளும், கருப்பட்டி போட்டுப் பிடிகொழுக்கட்டை அவித்திருந்தார்கள். ஆவுடைநாயகம் வழக்கம்போல இரண்டு வீட்டிலும் தின்றான். தின்னும்போதுதான் பார்த்தான். ஒவ்வொரு கொழுக்கட்டையிலும் பிடித்தவளின் நாலு விரலும் அப்படியே பதிந்திருந்தது. பேச்சித்தாயுடையதில் பள்ளம் நாலும் நெருங்கிச் சின்னதாக இருந்தன. அக்காளுடையது ஒன்றே ஒரு ஆளுக்குப் போதும்.

ஆளுக்கொன்றை டிபன்பாக்ஸில் போட்டுக்கொண்டு தென்காசிக்குப் புறப்பட்டான்.

கோயில் வாசலிலிருந்து நாலு கடை தள்ளி உவைஸின் இரும்புக்கடை. கோபுரத்துக் காற்று அவன் குடையைத் திருப்பி மடக்கி, கடைக்குள்ளேயே தள்ளிவிட்டது. உள்ளே இசக்கிதுரை பூட்டு வாங்க உட்கார்ந்திருந்தார். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலமெல்லாம் கத்தியைப் பிடுங்கியே பழகிய மனிதர். கத்தி என்ற சொல் காதில் விழுந்ததும் பூட்டை விட்டுவிட்டார்.

"யாருக்கு அண்ணாச்சி? தோட்டத்துக்கா, வீட்டுக்கா?" என்றான் உவைஸ்.

"பொம்பிளையாளுக்குத் தம்பி. சுருக்குப்பையில கெடக்கணும், எடுத்தா கையில நிக்கணும். மங்குஸ்தான் வெட்டுததுக்கு."

உவைஸ் முதலில் சிவப்பாக ஒன்றை எடுத்து விரித்தான். அது விரிந்துகொண்டே போனது. "இதுல கத்தரிக்கோல் இருக்கு, திருப்புளி இருக்கு, ரம்பம் இருக்கு. பசங்க யூடியூப்ல பாத்துட்டு இதத்தான் கேக்காங்க."

"தம்பி, பழம் வெட்டப் போறோம். பஸ் ரிப்பேர் பாக்கப் போகல."

ஆவுடைநாயகம் டிபன்பாக்ஸைத் திறந்து இரண்டு கொழுக்கட்டையையும் மேஜையில் வைத்தான். இசக்கிதுரை மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து குனிந்தார்.

"என்ன வே இது? கத்தி வாங்க வாரவன் கொழுக்கட்டையோட வாரீரு? என் சர்வீஸ்ல இப்படி ஒரு கேஸ நான் பாக்கல."

"அளவு அண்ணாச்சி. இது எம் பொண்டாட்டி கை. இது எங்க அக்கா கை."

விஷயத்தைக் கேட்டதும் உவைஸுக்கும் உற்சாகம் பிறந்துவிட்டது. இருக்கிற மடக்குக் கத்தியையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து பரப்பினான். ஒவ்வொரு பிடியாக எடுத்துப் பேச்சித்தாயின் கொழுக்கட்டைப் பள்ளத்தில் பொருத்திப் பார்த்தார்கள். பிடி ரொம்ப ஒல்லியாக இருந்தால் விரல்நுனி உள்ளங்கையில் குத்தும். தடியாக இருந்தால் அழுத்தும்போது உருளும். நாலு விரலும் மூடி, பெருவிரல் கத்தியின் முதுகில் போய் உட்கார வேண்டும். அலகு ஒரு விரல் நீளம் போதும். மங்குஸ்தான் தோலுக்கு அதற்கு மேல் என்ன வேண்டியிருக்கிறது?

"சாரல்ல ஈரக்கையோட தொறக்கணும் தம்பி. அதயும் பாரு."

உவைஸ் தண்ணீர்க் குடத்தில் கையை விட்டு எடுத்து, பளபளவென்று இருந்த எஃகுப்பிடிக் கத்தியைத் திறந்து பார்த்தான். மீன் மாதிரி நழுவி மேஜைக்கு அடியில் போய் விழுந்தது. கோடு கோடாகக் கீறிய மரப்பிடிக் கத்தி நின்றது. விரித்ததும் டக்கென்று பூட்டிக்கொண்டது. வெட்டும்போது மடங்கி விரலைக் கடிக்காது. அதிலேயே சின்னப்பிடியாக ஒன்றை எடுத்து வைத்தார்கள். பேச்சித்தாயின் நாலு விரலும் அதில் அச்சாக உட்கார்ந்தன.

"அடுத்து அக்கா கை" என்று ஆவுடைநாயகம் திரும்பினான். மேஜையில் கொழுக்கட்டை இல்லை. இசக்கிதுரை வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி! அது அளவுல்லா!"

"ஆமா வே, இனிப்பு அளவாத்தான் இருந்துச்சு." சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. "சவத்த, ஏதோ நெனப்புல கை போயிருச்சு வே."

"சாட்சியத் தின்னுட்டாரே" என்று உவைஸ் விழுந்து விழுந்து சிரித்தான்.

ஆவுடைநாயகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. இனி இலஞ்சிக்குப் போய்த் திரும்பி வர வேண்டும். எரிச்சலோடு தன் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன், அப்படியே நின்றுவிட்டான். அம்மா செத்தபோது அவன் அரைக்கால் டவுசர். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் கால்வாய்ப் பாலம் வரும். பாலம் வந்ததும் அக்காள் இந்த மணிக்கட்டைத்தான் பிடிப்பாள். ஆனி ஆடியில் தண்ணீர் பாலத்தைத் தொட்டுக்கொண்டு போகும். அவளும் சின்னப் பிள்ளைதான், ஆனால் அந்தக் கை பிடித்தால் பிடித்ததுதான். கொழுக்கட்டை வேண்டியதில்லை. அந்தக் கை எவ்வளவு பெரியது என்று அவனுக்குத் தெரியாதா? அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. குனிந்து, கத்திகளில் ஆகப் பெரிய பிடியாக ஒன்றை எடுத்தான். தன் கையில் வைத்து மூடினான். விரல் எட்டவில்லை.

"இதுதான் எங்க அக்காளுக்கு" என்றான்.

மறுநாள் காலை, இரண்டு கத்தியையும் கடைப்பலகையில் அவரவர் பக்கம் வைத்தான். யார் கையிலும் கொடுக்கவில்லை. அவ்வளவு விவரம் இருந்தது அவனுக்கு.

மங்களேஸ்வரி எடுத்து மூடித் திறந்து பார்த்தாள். "ஏலே, எங்கையப் பாத்துச் செஞ்ச மாதிரில்லா இருக்கு!"

பேச்சித்தாய் ஒரு மங்குஸ்தானைச் சுற்றிக் கீறி மூடியைத் திருகினாள். சுளையில் ஒரு கோடு விழவில்லை. அவன் பக்கம் சாய்ந்து, "என் கை அளவு ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றாள், குரலை இறக்கி.

"பொண்டாட்டி கை தெரியாதாக்கும்" என்றான் அவன். டிபன்பாக்ஸைப் பற்றி மூச்சு விடவில்லை.

மத்தியானம் வரைக்கும் கொண்டாட்டம்தான். அதற்குப் பிறகுதான் கடையில் ஏதோ குறைகிறது என்று உணர்ந்தான். சத்தம் இல்லை. கத்தியை வையி என்பதும், வச்சாச்சு என்பதும்கூட இல்லை. இரண்டு பேரும் அவரவர் கத்தியால் அவரவர் பழத்தை வெட்டிக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். சாரல் தார்ப்பாயில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

கடையைக் கட்டுகிற நேரத்தில் மங்களேஸ்வரி கத்தியை மடக்கிச் சுருக்குப்பையில் போட்டு, நாடாவை இழுத்தாள்.

"ஏலே, நாளைக்கு ஞாயித்துக்கெழம கூட்டத்தப் பாத்துட்டு, திங்கள்ல இருந்து நான் பெலிக்ஸ் கடைக்குப் போறேன். பழைய குத்தாலத்துல ஆள் இல்லாமக் கெடக்கான் அவன். எத்தனையோ தடவ கூப்பிட்டுட்டான்."

"எக்கா, என்ன பேசுத?"

"கத்திதான் எங்கிட்ட இருக்கே. எந்தப் பலகையில உக்காந்தா என்ன?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. வழிச்செலவுக்குக் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்த மாதிரி, அக்காளைத் தானே கடையைவிட்டு அனுப்பிவிட்டோம் என்று தோன்றியது. இன்று கடை பிரிந்தால் நாளை இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவரில் இருக்கிற கதவும் அடைபடும். அக்காள் இல்லாத கடையை அவனால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பெண்டாட்டியிடம் சொன்னான். "அக்கா போறேங்கா, பேச்சி."

"போகட்டும்" என்றாள் அவள். சோற்றைப் பிசைந்தாள், தின்னவில்லை. எழுந்து கை கழுவிவிட்டுச் சுருக்குப்பையை எடுத்து, புதுக்கத்தியை விரிக்கிறதும் மடக்குகிறதுமாக இருந்தாள்.

"நீ ஒரு வார்த்த பேசுனா நின்னுருவா."

"சும்மா எப்படிப் பேச? பேசணும்னா ஏதாவது ஒண்ணு கேக்கணும்லா. நான் என்னத்தக் கேக்க?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் அருவியில் வெள்ளம் என்று குளிக்க விடவில்லை. பத்து மணிக்கு மேல் தண்ணீர் தணிந்து, தடையை எடுத்தார்கள். அதுவரை சாலையில் அடைந்துகிடந்த கூட்டம் குளித்து, நடுங்கி, பசியோடு திரும்பி வந்தது. ஒருவன் ரம்புட்டானைக் கேட்டான், ஒருத்தி துரியனை மோந்து மூக்கைப் பிடித்தாள். மங்களேஸ்வரி கடைசி நாள் என்று தொண்டையைச் சேமித்துவைக்கவில்லை. "வாங்கய்யா வாங்க! தின்னு பாத்துட்டுத் துட்டு குடுங்க!" என்று மலையே கேட்கும்படி கூப்பிட்டாள்.

அந்த அமளிக்கு நடுவில் பேச்சித்தாய் தன் கத்தியைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். மடக்கினாள். சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகினாள். பிறகு பலகை முழுக்கத் தேடினாள். கூடையைத் தூக்கிப் பார்த்தாள், தராசுக்கு அடியில் பார்த்தாள்.

"கத்தியக் காணும்" என்றாள்.

ஆவுடைநாயகம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். "ஒன் இடுப்புல..." என்று தொடங்கினான். பேச்சித்தாய் அவன் காலில் ஏறி மிதித்த மிதியில் மிச்சச் சொல் தொண்டையோடு நின்றது.

அவள் நாத்தனார் பக்கம் திரும்பினாள். முகம் சிவந்திருந்தது.

"மதினி, கத்தியக் கொஞ்சம் வைங்க."

மங்களேஸ்வரி கூப்பிடுவதை நிறுத்தினாள். பேச்சித்தாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு இடுப்பைப் பார்த்தாள். புதுக்கத்தியின் கனத்தில் சுருக்குப்பை கொசுவத்துக்கு வெளியே தொங்கிக்கொண்டு கிடந்தது. குருடனுக்கும் தெரியும். மங்களேஸ்வரி தன் கத்தியைத் துடைத்து மடக்கினாள். கை பலகையை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. பிறகு நேராகப் பேச்சித்தாயின் உள்ளங்கையில் கத்தியை வைத்து, அந்தச் சின்ன விரல்களைத் தன் கையாலேயே மூடினாள்.

"கையிலயே புடி. போட வேண்டிய சண்டையெல்லாம் முன்னாடியே போட்டாச்சு. இனிமே புதுசா என்ன வரப்போகுது?"

பேச்சித்தாய்க்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "மஞ்சப்பால் இல்லாமப் பாத்துப் பொறுக்குங்க மதினி."

"ஏட்டி, வாயக் கொற. அது சரி, நான் இப்ப எத வச்சு வெட்ட?"

பேச்சித்தாய் கூச்சமே இல்லாமல் சுருக்குப்பையில் கையை விட்டுக் காணாமல்போன கத்தியை எடுத்தாள். "இந்தாங்க." அதுவும் கையோடு கையாகத்தான் போனது.

ஆவுடைநாயகம் பதறிப்போனான். "அட, மாத்திப் புடிச்சிருக்கீங்க! பெருசு அக்காளுக்கு, சிறுசு ஒனக்கு. பிடி அளவு பாத்து..."

"சத்தம் போடாதல, யாவாரம் கெடுது" என்றாள் அக்காள்.

"நீங்க போயி ஆட்டோவுல இருங்க" என்றாள் பெண்டாட்டி.

முறம் மாதிரிக் கையில் சின்னக்கத்தி கம்மல் போலக் கிடந்தது. சின்னக் கையில் பெரிய கத்தி உருண்டது. அன்று பூராவும் அப்படியே வெட்டினார்கள், வெட்டிக்கொண்டே பேசினார்கள், ஒரு வாரத்துப் பேச்சு பாக்கி இருந்தது. தென்காசி வரைக்கும் டிபன்பாக்ஸ் சுமந்த பாட்டை யாரிடம் போய்ச் சொல்வது என்று அவன் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தான். சந்தோஷம் தாங்காமல் ஹாரனை ஒருமுறை அமுக்கினான். இரண்டு பேரும் சேர்ந்து முறைத்தார்கள்.

சாயந்தரம் மங்களேஸ்வரி தம்பி வீட்டு அடுப்பில் குழம்பைக் கூட்டிக்கொண்டிருக்கும்போது பெலிக்ஸ் போன் செய்தான். அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினாள்.

"வரணும்னுதான் தம்பி இருந்தேன். எங்கத்தி பேச்சிகிட்டல்லா கெடக்கு. கத்தி இல்லாம வந்து நான் என்ன செய்ய?"

சோறு வடித்துக்கொண்டிருந்த பேச்சித்தாய் திரும்பிப் பார்க்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

ஆவுடைநாயகம் சாப்பிட்டு, கை கழுவி, பழக்கதோஷத்தில் வாசலுக்கு வந்து அடுத்த வீட்டைப் பார்த்தான். அது பூட்டிக்கிடந்தது. உள்ளே திரும்பி வந்து சட்டியை எட்டிப் பார்த்தான். கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். ஒரு வாரமாக இரண்டு சாப்பாட்டுக்குப் பழகின வயிறு, அன்றைக்கு அரைப்பசியோடுதான் தூங்கியது.